நாவும் நட்பும்

ஒரு விடுதி மாணவன்

அறுசுவையுள் முதலாவது யாதென வினவின், சிறு மகவும் இனிப்பென்றே விடை பகரும். கைப்பையும் துவர்ப்பையும் மாந்தர் பழகியே விரும்பக் கற்கின்றனர். இனிப்பையோ பிறந்த நாள்தொட்டுப் பழகாமலே விரும்புகின்றனர். மகவு முதன்முதற் பருகும் தாய்ப்பாலே இனிப்புடையதாதலின் இதில் வியத்தற்கு ஒன்றுமில்லை. நற்செய்தி கொணர்ந்தார் வாய்க்குச் சர்க்கரை இடவேண்டும் என்பது நம் நாட்டு வழக்கு. திருமணம் உறுதியாயினும், தேர்வில் வெற்றி கிட்டினும், புதுமனை புகுந்தாலும், முதலில் நீட்டப்படுவது இனிப்புத் தட்டே. இத்துணைப் பெருமை வாய்ந்த சுவையைக் குறைத்துக்கொள்ளும் வழியைப் பற்றி ஒருவன் எழுதப் புகுவது சிலர்க்கு மங்கலமற்ற செயலாகத் தோன்றலாம். ஆயினும், சென்ற ஓராண்டில் எம் விடுதியில் நிகழ்ந்த ஒரு சிறு முயற்சி நாவைப் பற்றியும் நட்பைப் பற்றியும் எமக்குச் சில உண்மைகளை உணர்த்திற்று. அவற்றை நம் மலரின் வாயிலாக அன்பர்க்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தென எண்ணி இதனை வரையத் துணிந்தேன்.

முதற்கண் இப்பொருளின் பெயரையும் வரலாற்றையும் சிறிது நோக்குவோம். கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவையார் குறிப்பிடுகின்றார். ஆதலின் கரும்பு நமக்குப் புதியதன்று. சர்க்கரை என்னும் சொல் மணலையும் பரற்கல்லையும் குறிக்கும் வடசொல்லினின்று பிறந்தது. அதுவே பாரசீகம், அரபு முதலிய மொழிகளின் வழியே மேனாடுகளுக்குஞ் சென்று, ஆங்கும் ஒலி திரிந்து வழங்குகின்றது. நம் பாட்டிமார் சர்க்கரை என்று சொன்னது பழுப்பு நிறமுடைய நாட்டுச் சர்க்கரையையே. வெண்ணிறச் சர்க்கரையைத் தென்பாண்டி நாட்டார் சீனத்தொடு சார்த்திச் 'சீனி' என்றனர். வேறு சிலர் அதனையே 'அஸ்கா' என்பர். அது, 1936 ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த கஞ்சம் மாவட்டத்தில் சர்க்கரை ஆலை அமைந்திருந்த ஓர் ஊரின் பெயர். இப்பெயர்களே வெள்ளைச் சீனி வெளியிலிருந்து வந்த பொருள் என்பதைக் கூறாநிற்கும். காப்பியும் தேநீரும் இருபதாம் நூற்றாண்டில் வீடுதோறும் புகுந்த பின்னரே அது நாள்தோறும் பலமுறை நாவிற் படும் பொருளாயிற்று. அதற்கு முன்னர்ப் பாயசமும் அதிரசமும் நாள் பார்த்து வந்துபோன விருந்தினர். இன்றோ வந்து வீட்டிலேயே தங்கிவிட்ட உறவினர்.

யான் பிறந்த திருநெல்வேலிச் சீமை இனிப்பிற்குப் பெயர்போனது. நகரத்தில் கோதுமைப் பாலிற் கிண்டிய அல்வா, முதலூரில் தேங்காய்ப் பாலிற் செய்யும் மஸ்கோத் அல்வா, அண்மையிலுள்ள தூத்துக்குடியில் முந்திரிப் பருப்பும் முட்டையின் வெண்கருவும் சேர்ந்த மக்ரூன், கோவில்பட்டியில் 2020 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய், உடன்குடியிற் கருப்பட்டி. எங்கள் பக்கத்தில் விருந்தினராய் வருவோர் வெறுங்கையோடு வீடு புகுதல் வழக்கமில்லை; கையில் நெய் கசியும் பொட்டலம் ஒன்று இருந்தே தீரும். இத்தகைய சூழலில் வளர்ந்த எனக்கு, மாலை நான்கு மணியானால் நா இனிப்பை நாடுவது மூச்சு விடுதல்போல் இயல்பாக இருந்தது. காரணம் யாதென்று அதனை எவரும் கேட்டதில்லை; யானும் கேட்டதில்லை.

என் பெரியப்பா சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்; நாள்தோறும் இரண்டு கல் தொலைவு நடந்தே பள்ளிக்குச் சென்றவர். நீரிழிவினாற் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருந்தமையால், செருப்பினுட் கிடந்த சிறு கல் உறுத்தியதை அவர் அறிந்திலர். அப்புண் ஆறாது பெருகி, முடிவில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே அகற்றவேண்டியதாயிற்று. மருத்துவமனையினின்று திரும்பிய மறுநாள், அவர் தம் இடக்காற் செருப்பை மட்டும் துடைத்துத் திண்ணையோரத்தில் வைத்ததை யான் கண்டேன். ஒன்றும் பேசினாரில்லை. என் தந்தையார்க்கும் அந்நோய் பன்னிரண்டு ஆண்டுகளாக உண்டு. இவற்றை நினைவிற் கொண்டே, சென்ற ஆண்டு எம் விடுதியில் நடந்த மருத்துவ முகாமில் யான் குருதிச் சோதனைக்குக் கையை நீட்டினேன்.

மூன்று திங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அச்சோதனையில் எனக்கு வந்த அளவு 6.1 விழுக்காடு. 5.7 முதல் 6.4 வரை நோய்க்கு முந்திய நிலையென்றும், 6.5ஐ எட்டின் நோயென்றும் மருத்துவர் வகுத்துள்ளனர். முகாமிற்கு வந்திருந்த மருத்துவ அம்மையார் தாளை நோக்கிவிட்டு வினவினார்:

"தம்பி, அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா?"

"உண்டு, அம்மா. பெரியப்பாவுக்கும் உண்டு."

"உங்களுக்கு இன்னும் வரவில்லை, வாசற்படியில் வந்து நிற்கிறது. அதை உள்ளே கூப்பிடாமல் இருக்கப் பாருங்கள்."

அவர் மேலும் சில கூறினார். சீனி ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்று எண்ணலாகாது. குடிவழி, உடற்பருமன், நடையின்மை, உணவில் அரிசியும் மாவும் மிகுதல் ஆகிய பலவும் சேர்ந்தே இதனை விளைவிக்கும். ஆயினும் இவற்றுள் எளிதிற் கைவைக்கத்தக்கது பானங்களிற் கலந்துவரும் சர்க்கரையே என்றார். என் போன்றார் தொகை சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுதும் நடந்து 2023 ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோரை 10.1 கோடி என்றும், முந்திய நிலையில் நிற்போரை 13.6 கோடி என்றும் மதிப்பிட்டது. நோயுற்றாரினும் வாசற்படியில் நிற்பாரே மிகுதி.

அன்றிரவு யானும் என் அறைத் தோழர் இருவரும் ஒரு தாளில் கணக்கிட்டோம். விடுதிக் காப்பியில் ஒரு தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி. நாளொன்றுக்கு மூன்று தம்ளர். தேக்கரண்டி ஒன்று ஏறக்குறைய 4 கிராம் கொள்ளுமாதலின், மொத்தம் 24 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறியின்படி, உணவிற் புறத்தே சேர்க்கும் சர்க்கரை நாள்முழுதும் பெறும் ஆற்றலிற் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைதல் வேண்டும். இருபதில் ஒரு பங்கிற்குக் குறையின் மேலும் நன்று. இப்பிந்திய அளவு ஏறக்குறைய 25 கிராம். எனவே, பிற தின்பண்டம் எதனையும் தொடாமுன்னரே காப்பியொன்றே அவ்வளவை நிரப்பிவிட்டது. அதன்மேற் கடைகளிற் கிட்டும் குளிர்பானங்களோ பலவும் 100 மில்லிக்குப் பத்துக் கிராம் அளவிற் சர்க்கரை உடையன. வெல்லமும் கருப்பட்டியும் தேனும் தீங்கற்றன என்று கருதுவார் உளர். அவற்றின் மணமும் நிறமும் வேறேயன்றி, அவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையே. மேற்கூறிய நெறியிற் பழச்சாறும் தேனுங்கூடக் கணக்கிற் சேரும். முழுப்பழம் அதிற் சேராது.

இவ்விருப்பத்தை மதுவிருப்பம் போன்றதோர் அடிமைத்தனம் என்னலாமோ? இதில் அறிஞர் கருத்து ஒருபடித்தாக இல்லை. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய்ப்பகுப்பு நூலில் சர்க்கரை அடிமைத்தனம் என்று ஒரு நோய் இடம்பெறவில்லை. ஆனால், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து அறிஞர் எலிகளிடத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2008 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்று ஊன்றிக் கற்கத்தக்கது. நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் உணவின்றி வைத்து, அதன்பின் சர்க்கரை நீரும் உணவும் அளிக்கப்பட்ட எலிகள், நாளடைவில் அந்நீரை ஒரேயடியாக மிகுதியாய்ப் பருகின. அது கிட்டாதபோது நடுக்கமும் அச்சமுங் காட்டின. எப்போதும் தடையின்றி அதனைப் பெற்ற எலிகளிடத்து இக்குறிகள் அவ்வாறு தோன்றவில்லை. எலியினின்று மனிதனுக்கு நேரே பாய்தல் தகாது. ஆயினும் இதனைப் படித்தபோது எம் விடுதிக் காலைப்பொழுது எம் கண்முன் வந்தது. முதல் வகுப்பிற்கு விரையும் மாணவர் பலர் காலையுணவை விட்டு ஓடுவர். பதினொரு மணிக்கு இனிப்பு ரொட்டியின்மீது பாய்வர். பசியும் இனிப்பும் மாறிமாறி வரும் இப்பழக்கமே நாவிற்குக் கடிவாளம் இல்லாமற் செய்கின்றது என்பது எமக்குப் புலனாயிற்று. ஆகவே முதலிற் செய்யவேண்டியது சீனியைத் தள்ளுதலினும், வேளைக்கு வயிறார உண்ணுதலே என்று முடிவு கொண்டோம்.

நிற்க. யான் தனியே இம்முயற்சியைத் தொடங்கிய நாள்களில் எனக்கு விளங்கியது ஒன்று உண்டு. நாவின் ஏக்கம் கடிதுதான். முதல் வாரத்திலே தலைநோவும், காரணமற்ற சினமும், மாலை நான்கு மணிக்கு மனம் நூலைவிட்டு ஓடுதலும் இருந்தன. ஆயினும் அவை பொறுக்கத்தக்கன, நாளேறத் தணிந்தன. தணியாது நின்ற தடை வேறொன்று. அஃது என்மேல் அன்புடையார் அனைவரும் நீட்டிய கை. பாளையங்கோட்டையில் என் அத்தை வீட்டிற்குச் சென்றபோது, காப்பியிற் சீனி வேண்டாவென்றேன். அத்தையின் முகம் வாடிற்று. "ஏன் மருமகனே, வயசான மனுஷன் மாதிரிப் பேசுதே? சீனி இல்லாத காப்பியை உன் கையிலே கொடுத்தால் எனக்கு மனசு ஆறுமா?" என்றார். அவர் சொல்லிற் பொய்யில்லை. நம்மிடையே சீனி என்பது சுவைப்பொருள் மட்டுமன்று, அன்பின் அளவை. ஒரு கரண்டி மிகுதியாய் இடுதல் அன்பு மிகுதி, இடாமை குறை. மறுப்பவன் பண்டத்தை மறுப்பவனாகக் கருதப்படாமல், இடுவாரை மறுப்பவனாகவே கருதப்படுகின்றான். பகைவரொடு போராடுதல் எளிது. அன்பரொடு நாள்தோறும் மும்முறை போராட யாரால் இயலும்?

கார்த்திகைத் திங்களில் அதே வீட்டிற்கு ஐயப்பனுக்கு மாலையணிந்த என் வகுப்புத் தோழர் ஒருவரோடு சென்றேன். அத்தை அவரைக் கண்டதும் வேறோர் அடுப்பை மெழுகி, புதிய பாத்திரத்திற் சமைத்து, வெங்காயமும் பூண்டும் இன்றிப் பரிமாறினார். 'இதனை உண்ணேன்' என்று அவர் வாய் திறந்து சொல்லவும் வேண்டியிருந்ததில்லை. கழுத்திலிருந்த மாலையே சொல்லிற்று. அவர் மறுத்தவற்றால் எவர் மனமும் புண்படவில்லை. மாறாக, அவர்தம் நோன்பைக் காப்பதிற் பங்குகொண்டதாக அத்தை மகிழ்ந்தார். அப்பொழுது என் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. ரமலான் திங்களில் எம் விடுதியின் இசுலாமியத் தோழர்க்காக விடியற்கு முன்னரே அடுப்பெரிகின்றது. தவக்காலத்திற் கிறித்தவத் தோழர் பலர் தாம் விரும்பிய ஏதேனும் ஒன்றை விட்டு நாற்பது நாள் இருக்கின்றனர். இவர்களுள் ஒருவரும் தம் மனவலிமை ஒன்றையே நம்பி நிற்பாரல்லர். உடன் நோற்பாரும், அதனை அறிந்து வழிவிடுவாரும் அவர்களைத் தாங்குகின்றனர். நம் நாட்டு நோன்புகள் யாவும் கூட்டத்தின் தோளிலேறியே கரை சேர்கின்றன. அங்ஙனமாயின், உடல்நலம் கருதிக் கொள்ளும் ஒரு நோன்பை மட்டும் ஒருவன் ஏன் தனியே சுமக்கவேண்டும்?

இவ்வெண்ணத்தை அறைத் தோழரிடம் உரைத்தேன். மூவர் எழுவராயினோம். அவ்வெழுவருள் நோயின் அச்சமுடையார் இருவரே. பிறர் நட்பினால் வந்தவர். எம் கூட்டத்திற்குப் பெயருமில்லை, தலைவருமில்லை. முதற்கண் யாங்கள் சென்று கண்டது விடுதிச் சமையற்கட்டின் தலைவராகிய அண்ணாச்சியை. எம் விடுதியிற் காப்பி பெரிய அண்டாவிற் சீனியோடே கலக்கப்படும். ஆதலால் குறைவாக வேண்டுவார்க்கு வழியே இல்லை.

"அண்ணாச்சி, சீனியை அண்டாவிற் போடாமல், தனியே ஒரு கிண்ணத்தில் வைக்க முடியுமா?"

"இருநூறு பேருக்குக் காப்பி ஊத்தணும், தம்பி. ஆளாளுக்குக் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா வரிசை நகருமா?"

அவர் வினாவில் நியாயம் இருந்தது. எனவே, சிற்றண்டா ஒன்றிற் சீனியின்றித் தனியே கலப்பதென்றும், அதனருகே சீனிக் கிண்ணம் வைப்பதென்றும், அவ்வரிசைக்கு ஊற்றும் பணியை எங்களுள் ஒருவர் நாள்முறையாற் செய்வதென்றும் உடன்பாடாயிற்று. முதல் வாரத்தில் அங்கு நின்றவர் எழுவரே. இரண்டாந் திங்களில் நாற்பதின்மர்க்கு மேல் நின்றனர். அவருட் பலர் எம் கூட்டத்தார் அல்லர்; தமக்கு வேண்டிய அளவு சீனியைத் தாமே இடலாம் என்பதற்காக வந்தவர். தம் கையால் இடுங்கால் இரண்டு கரண்டி இடுவார் அரியர் என்பதை யாங்கள் கண்டோம்.

எம்முள் வகுத்துக்கொண்ட நெறிகள் நான்கு. ஒன்று: காலையுணவை விடலாகாது. இட்டிலியோ, கேழ்வரகுக் கூழோ, அவித்த முட்டையோ, ஏதாயினும் வயிற்றிற்கு ஈந்தே வகுப்பிற்குச் செல்லவேண்டும். இரண்டு: காப்பிச் சீனியை ஒரேயடியாக நிறுத்தாமல், வாரத்திற்கு அரைக் கரண்டியாகக் குறைத்தல். மூன்று: நான்கு மணிப் பசிக்குப் பருப்பும் பயறும் பழமும். கொண்டைக்கடலைச் சுண்டல், தட்டைப்பயறு, அவித்த வேர்க்கடலை, கொய்யா, தைத் திங்களிற் பனங்கிழங்கு, தாகத்திற்கு உப்பிட்ட மோர் ஆகியவை எம் மாலைச் சிற்றுண்டியாயின. நெல்லிக்காயையும் சேர்த்தோம், அதனை மென்றபின் பருகும் வெறுநீரும் இனிப்பதை அறியாதார் யார்? கரும்பைக் கொணர்ந்த குலத்திற் பிறந்த அதியமானே ஔவைக்கு நெல்லிக்கனியை ஈந்தான் என்பதை எம்முள் ஒருவர் எடுத்துக்காட்ட, மாலைதோறும் அது நகையுரையாயிற்று. நான்கு: இனிப்பைத் தனித்து உண்ணலாகாது. பொங்கல், தீபாவளி, ரமலான், கிறிஸ்துமஸ், தோழர் பிறந்தநாள் ஆகியவற்றில் அனைவரோடும் அமர்ந்து அளவாய் உண்ணலாம். அறையிற் கதவைச் சாத்தி உண்ணலாகாது.

இந்நான்காம் நெறியே எமக்கு மிகவும் உதவிற்று. இனிப்பை யாங்கள் பகையென்று விரட்டவில்லை. அதன் பழைய இருக்கையாகிய விழாநாளில் மீண்டும் அமர்த்தினோம். ஆறு நாள் கழித்து ஏழாம் நாள் பெற்ற ஒரு துண்டு அல்வா, நாள்தோறும் பெற்ற ஆறு துண்டினும் இனித்தது. இஃது எம் கற்பனையன்று. அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத்துச் சுவை ஆராய்ச்சி நிலையத்தார் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மூன்று திங்கள் சர்க்கரை குறைத்து உண்டார்க்குப் பண்டங்கள் முன்னையினும் மிக்க இனிப்புடையனவாகத் தோன்றின. ஆயின் அவ்வாய்வின் இறுதியும் நோக்கத்தக்கது: பின்னர் விருப்பம்போல் உண்ண விடப்பட்டபோது, அவர்கள் விரைவிற் பழைய அளவை நாடிச் சென்றனர். நா கற்றதைப் பழஞ்சூழல் மறப்பித்துவிட்டது. ஆதலின் நாவைப் பயிற்றுதலோடு சூழலையும் மாற்றியமைத்தல் இன்றியமையாதது.

தேர்வுக் காலத்தில் எழுவருள் ஒருவர் கூட்டத்தைவிட்டு விலகினார். இரவு கண்விழித்துப் படிக்க இனிப்புத் தேநீரின்றி இயலாது என்பது அவர் கூற்று. ஒருவரும் அவரை எள்ளவில்லை, தண்டமும் விதிக்கவில்லை. நான்கு மணிச் சுண்டலில் அவர் பங்கு மட்டும் நாள்தோறும் ஒரு தொன்னையில் அவர் மேசைமேல் வைக்கப்பட்டது. தேர்வு முடிந்த மாலை, வெறுந் தொன்னையைக் கையிலேந்தி அவரே வந்து அமர்ந்தார். விட்ட இடத்திலிருந்து மீண்டுந் தொடங்கினோம்.

கூட்டத்தின் துணை பயன் தரும் என்பதற்கு எம் சிறு விடுதியினும் பெரிய சான்றுகள் உள. சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முந்திய நிலையிலிருந்த 531 பேர் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு நோக்கப்பட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றாருள் 55 விழுக்காட்டினர் நீரிழிவுற, உணவும் உடலுழைப்பும் திருத்திக்கொண்டாருள் 39.3 விழுக்காட்டினரே அந்நிலை எய்தினர். 2016 ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு சென்னை ஆய்வில் 578 பேர் பங்குகொண்டனர். அவருட் பாதியினர் வாரந்தோறும் குழுவாகக் கூடி உணவும் நடையும் பயின்றனர். வேண்டியவர்க்கு மருந்தும் பின்னர் அளிக்கப்பட்டது. அவர்களிடத்து நோய் தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கேரளத்திற் சிற்றூர்க் குழுக்களைக்கொண்டு நடத்தி 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலோ, நோய் தோன்றுதல் ஐயமற நிறுவத்தக்க அளவிற் குறையவில்லை. ஆயினும் காய்கனி உண்ணுதல் மிகுந்தது, மதுப் பழக்கம் குறைந்தது. ஆகவே கூடிவிட்டால் எல்லாம் கைகூடும் என்று பறையறைதல் தகாது. கூட்டம் மருந்தன்று, மருந்துண்ணும் மனத்தைத் தளராது காப்பது.

ஒரு நாடே ஒரு விடுதிபோல் வாழ்ந்த காலமும் உண்டு. பிரித்தானியாவில் உலகப்போரை முன்னிட்டு 1940 ஆம் ஆண்டிற் சர்க்கரைக்குப் பங்கீட்டு முறை வந்தது. 1953 செப்டம்பரில் அது நீங்கியவுடன் மக்கள் உண்ட சர்க்கரை ஏறக்குறைய இருமடங்காயிற்று. அப்பங்கீட்டுக் காலத்திற் கருவில் வளர்ந்து பிறந்து குழவிப் பருவத்தைக் கழித்தாரையும், அது நீங்கியபின் பிறந்தாரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2024 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முன்னவர்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய 35 விழுக்காடும், குருதி அழுத்த நோய் 20 விழுக்காடும் குறைந்திருந்தன. அக்குழந்தைகள் யாதொரு விரதமும் பூண்டாரல்லர். அண்டை வீட்டிலும் எதிர் வீட்டிலும் அதே அளவே இருந்தமையால், தம்மிடம் குறையுண்டு என்பதையே அவர்கள் அறிந்திலர். நம் நாட்டிலும் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2025 ஆம் ஆண்டிற் பள்ளிகள்தோறும் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்குமாறு பணித்தது. பலகை கண்ணிற்குக் கூறும்; கூடவே உண்பார் நாவிற்குக் கூறுவர்.

பொங்கல் விடுமுறையில் யான் ஊர் சென்றபோது நிகழ்ந்ததொன்றை இங்குக் கூறல்வேண்டும். எங்கள் வீட்டில் தந்தையார்க்குரிய தம்ளர் வேறு. சீனியற்ற காப்பி பிறர் காப்பியொடு மாறிவிடாதிருக்கப் பெயர் வெட்டிய பித்தளைத் தம்ளர். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் அதனை ஏந்திக்கொண்டு முற்றத்தின் மூலையில் அமர்ந்து பருகி வந்தார். நோயாளி என்று அத்தம்ளரே பறைசாற்றிற்று. யான் விடுதி முறையை அம்மாவிடம் உரைத்து, எல்லார்க்கும் சீனியின்றியே கலந்து, வேண்டுவார் இட்டுக்கொள்ளட்டும் என்றேன். அம்மா சிறிது தயங்கி இசைந்தார்கள். அன்று மாலை எல்லாத் தம்ளரும் ஒரே தட்டில் வந்தன. தந்தையார் கைக்கு வந்த தம்ளரை எடுத்துக்கொண்டு, எங்களோடு திண்ணையில் வந்து அமர்ந்தார். பெரியப்பா ஊன்றுகோலைச் சுவரிற் சாய்த்துவிட்டு, "இன்னைக்குத்தான் தம்பி, காப்பி குடிச்ச மாதிரி இருக்கு" என்றார். காப்பியின் சுவை மாறவில்லை என்பதை அனைவரும் அறிவோம்.

எட்டுத் திங்களுக்குப்பின் யான் மீண்டும் சோதித்தபோது அளவு 5.8 ஆக இருந்தது. வாசற்படியினின்று அவ்விருந்தினன் முற்றும் அகன்றானல்லன். இரண்டடி பின்வாங்கியுள்ளான், அவ்வளவே. சீனிக் குறைவால் வந்த பயன் எவ்வளவு, மாலை நடையால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் கூறவும் இயலாது. வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தும் அதிற் பெரும்பகுதியை அளவறிந்து உண்ணுதற்கே ஒதுக்கியதன் பொருள் இப்போதுதான் எனக்குச் சிறிது விளங்குகின்றது. ஊசியும் மாத்திரையும் கொள்வார் மட்டும் மருத்துவரைக் கேளாது தம் உணவைத் திடீரென மாற்றலாகாது என்பதையும் ஈண்டு நினைவுறுத்துகின்றேன்.

மாணவத் தோழர்காள்! நும்முள் ஒருவர் சீனி வேண்டாவெனின், காரணம் வினவி அவரை நாணச் செய்யற்க. நும் தம்ளரையும் ஒருநாள் அவர் வரிசையில் நீட்டுமின். ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவராகிய பெரியோரும் எம் விடுதி விழாக்களுக்கு வருங்கால் இனிப்புப் பெட்டியோடு வருவது எம் பேறு. அதனோடு ஒரு கூடைக் கொய்யாவும் கொணர்வீராயின், சிற்றண்டாவின் வரிசையில் நிற்பாரும் நும்மை வாழ்த்துவர். வரும் ஆண்டில் புதிதாய் விடுதி புகுவோர், காப்பி வேளையில் இடப்பக்கத்து வரிசையில் வந்து நிற்கலாம். அண்ணாச்சி இப்போது அதற்கும் பெரிய அண்டா ஒன்று வாங்கியுள்ளார்.